சுமை தாங்கும் நீர்

நெடுஞ்சாலைகளின் ஓரத்தே கற்றூண்கள் இரண்டை நட்டு, அவற்றின்மீது மற்றொரு கல்லைக் கிடத்தி வைத்த சுமைதாங்கிகளை நம்மிற் பலர் கண்டிருப்பர். தலைச்சுமையோடு வழிநடப்போன், இறக்கிவிடுதற்குப் பிறர் துணை இல்லாவிடத்தும், தன் சுமையை அக்கல்லின்மேற் சாய்த்து வைத்துச் சிறிது இளைப்பாறிப் பின்னர் எடுத்துச் செல்வான். சுமைதாங்கி சுமையை அழிப்பதன்று. வாங்கி வைத்துக் கொள்வது. இரசாயன நூலார் 'தாங்கல் கரைசல்' என்று வழங்கும் நீர்மங்களின் இயல்பும் இத்தகையதே. புளிப்புப் பொருள் ஒன்று தன்னிடத்து வந்து வீழின் அதனை வாங்கி வைத்துக் கொள்ளும். அதற்கு மாறான உவர்ப்பொருள் வரினும் அங்ஙனமே செய்யும். தான் நின்ற நிலையினின்றும் மிகச் சிறிதே பெயரும்.

நம் உடலில் ஓடும் குருதியும் இவ்வினத்தைச் சேர்ந்த நீர்மமே. 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில், குருதியின் இவ்வியல்பைப் பற்றிய ஒரு கணக்குத் தவறாகக் கொள்ளப்பட்டிருந்த வரையில் உயிர்கள் பல மடிந்தன. அக்கணக்குத் திருத்தப்பட்ட பின்னர் உயிர்கள் பல பிழைத்தன. பிழைப்பித்தவருட் பெரும்பாலார் நம்மை யொத்த கல்லூரி மாணவர். அவ்வரலாற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம். ஆயினும், அதனைச் செவ்விதின் உணர்தற்கு அமிலம், காரம், தாங்கல் என்னும் மூன்றின் இயல்பையும் முதற்கண் அறிதல் இன்றியமையாதது. இலக்கியம் பயில்வோரும் உடன்வரத்தக்க சிறு நடையில் அவற்றை முறையே காண்பாம்.

1. அமிலமும் காரமும்

புளியம்பழம், எலுமிச்சை, மோர், காடி ஆகிய எல்லாவற்றிற்கும் பொதுவாயுள்ள சுவை புளிப்பு. அப்புளிப்பைத் தரும் பொருள்களே அமிலங்கள் எனப்படும். புளிப்பை உணர்த்தும் வடசொல்லினின்று வந்தது அப்பெயர். இவற்றிற்கு எதிரிடையான இனம் ஒன்றுண்டு. சுண்ணாம்பு நீர், சாம்பற் கரைசல், ஆடை வெளுப்போர் வழங்கிய உவர்மண் முதலியன அவ்வினத்தின்பாற்படும். அவற்றைக் காரங்கள் என்பர். காரம் என்றவுடன் மிளகாயின் உறைப்பை நினைத்தல் கூடாது. இச்சொல் 'க்ஷாரம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமேயாம்.

இத்தகைய பொருள்களைத் தமிழில் எடுத்துரைத்தல் புதுவதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத் தொண்டாற்றிய அமெரிக்க மிஷனரியாகிய சாமுவேல் கிறீன் என்பாரின் முயற்சியால், 1875-ஆம் ஆண்டிலேயே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் நம் மொழியில் வெளிவந்தது. சொற்கள் மாறியுள்ளன, வழி பழைய வழியே.

அமிலத்தையும் காரத்தையும் நாவினாற் சுவைத்தறிதல் அபாயம் விளைக்கும். நிறத்தினால் அறிதலே முறை. மங்கல நாட்களில் ஆலத்தி கரைக்கும் மகளிர், மஞ்சள் நீரிற் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்த அக்கணமே அந்நீர் செந்நிறம் அடைதலைக் காண்கின்றனர். அச்செந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியின் மஞ்சள் நிறம் மீளும். காரத்தில் ஒரு நிறமும் அமிலத்தில் வேறு நிறமும் காட்டும் இத்தகைய பொருள்கள் பலவுள. ஆங்கில அறிஞராகிய இராபர்ட்டு பாயில் என்பார், ஊதாநிற வயலட்டுப் பூவின் சாறு அமிலத்திற் சிவந்தும் காரத்திற் பசுமையாகியும் மாறுதலை 1664-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். நம் ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாளும் இவ்வழிப் பிறந்ததே.

நிறம் மாறுதலைக் கண்டோம். அதற்குக் காரணம் யாது? சுவீடன் தேசத்து அரேனியஸ் என்பார் 1884-ஆம் ஆண்டில் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆராய்ச்சியுரையில் இதற்கு அடிகோலினார். உப்புக்களும் அமிலங்களும் நீரிற் கரையுங்கால், மின்னேற்றமுடைய துகள்களாகப் பிரிந்து நிற்கின்றன என்பது அவர் கொள்கை. அத்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். அவருடைய உரையை அங்குள்ளார் மிகவும் மெச்சவில்லை. தாழ்ந்த தரமே வழங்கினர். பத்தொன்பது ஆண்டுகள் சென்றபின், 1903-ல், அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பின்னர்க் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரன்ஸ்டெட்டு என்பார் 1923-ஆம் ஆண்டில் இக்கொள்கையை மேலும் எளிதாக்கினார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் லோரி என்பாரும் தனித்து ஆராய்ந்து இம்முடிபிற்கே வந்தார். அவர்கள் கூறியது இது: ஹைட்ரஜன் அயனியை ஈவது அமிலம், அதனை ஏற்பது காரம். எனவே, அமில காரச் செயல்கள் யாவும் ஈவானுக்கும் ஏற்பானுக்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலேயாம். இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. ஓர் அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியை ஈந்தபின், எஞ்சி நிற்கும் பகுதி அதனை மீண்டும் ஏற்கும் தகுதியுடையதாகின்றது. அஃதாவது, ஒவ்வோர் அமிலத்திற்கும் அதனோடு இணைந்த காரம் ஒன்றுண்டு. இதனை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

ஈவாருள்ளும் இருதிறத்தார் உளர் அன்றோ? ஹைட்ரோகுளோரிக் அமிலம் கைந்நிறைந்ததை எல்லாம் அப்பொழுதே கொடுத்துவிடும் இயல்பினது. அது வன்மை மிக்க அமிலம். காடியிலுள்ள அசிட்டிக் அமிலமோ பெரும்பகுதியைத் தன்னிடத்தே வைத்துக்கொண்டு சிறிதே கொடுப்பது. லிட்டருக்கு 6 கிராம் அசிட்டிக் அமிலம் உள்ள கரைசலில், ஆயிரம் மூலக்கூறுகளுள் ஏறக்குறையப் பதின்மூன்றே தம் ஹைட்ரஜன் அயனியை விடுத்து நிற்கும். ஏனைய கொடாது நிற்கும். இது மென்மையான அமிலம். மென்மை என்பதனைக் குறைபாடு என்று எண்ணற்க. தாங்கும் ஆற்றல் இம்மென்மையிலிருந்தே பிறக்கின்றது.

2. ஓர் அளவுகோல்

கோபன்ஹேகன் நகரத்தில் கார்ல்ஸ்பெர்க்கு என்னும் பீர் வடிப்பாலையின் உரிமையாளராகிய யாக்கோப்சன் என்பார், 1875-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். அதன் இரசாயனப் பகுதிக்குத் தலைவராக 1901-ல் அமர்ந்தவர் சோரன்சென் (1868-1939). தானியத்திலும் ஈஸ்ட்டிலும் உள்ள நொதிகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று ஆராய்ந்த அவருக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. ஒரே அளவான அமிலத்தை இருவேறு கரைசல்களிற் சேர்த்தால், நொதியின் செயல் இரண்டிலும் ஒரு தன்மையதாக இருப்பதில்லை. ஏனெனில், ஒரு கரைசலில் உள்ள பொருள்கள், சேர்த்த அமிலத்திற் பெரும்பகுதியை வாங்கி வைத்துக் கொள்கின்றன. மற்றொன்றில் அங்ஙனம் இல்லை. ஆகவே, நாம் எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பது முக்கியமன்று. கரைசலில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி கட்டின்றி நிற்கின்றது என்பதே முக்கியம் என்று அவர் தெளிந்தார்.

அவ்வயனியின் அளவோ மிகவும் நுண்ணியது. அறையின் வெப்பநிலையில் 1 கோடி லிட்டர் தூய நீரை ஒருங்கு சேர்த்தால், அவ்வளவிலும் 1 கிராம் ஹைட்ரஜன் அயனியே இருக்கும். இத்தகைய எண்களை ஒவ்வொரு முறையும் எழுதுதல் இயலாது. ஆகலின், 1909-ஆம் ஆண்டில் சோரன்சென் ஒரு சுருக்க வழியைக் கூறினார். எத்தனை லிட்டரில் 1 கிராம் ஹைட்ரஜன் அயனி உளது என்று பார்க்க. அவ்வெண்ணில் 1-ஐ அடுத்து எத்தனை சுழிகள் உளவோ, அதுவே அக்கரைசலின் 'பி.எச்.' எண்ணாகும். 1 கோடிக்குச் சுழிகள் ஏழு. ஆதலின் தூய நீரின் பி.எச். 7. நூறு லிட்டரில் 1 கிராம் இருப்பின் சுழிகள் இரண்டு, பி.எச். 2. இடைப்பட்ட எண்களுக்கு மடக்கைக் கணக்கினாற் பின்னம் காண்பர்.

இவ்வளவுகோலில் இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 7-க்குக் கீழ் அமிலம், மேல் காரம். மேலும், ஒவ்வொரு படியும் பத்து மடங்காம். பி.எச். 7-லிருந்து 5-க்கு இறங்கிற்று என்றால், ஹைட்ரஜன் அயனி இருமடங்கன்று, நூறு மடங்கு பெருகிற்று என்பது பொருள்.

3. தாங்கல் கரைசல்

இனி, ஒரு சோதனையைக் கருதுவோம். இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் 1 லிட்டர் தூய நீர். மற்றொன்றிலும் 1 லிட்டர் நீரே. ஆனால், அதில் 6 கிராம் அசிட்டிக் அமிலமும், அதற்கு இணையான அளவு சோடியம் அசிட்டேட்டு என்னும் உப்பும் கரைந்துள்ளன. அவ்வுப்பு, அசிட்டிக் அமிலத்தின் இணைக்காரத்தைத் தன்னகத்தே உடையது. எனவே, இரண்டாங் குடுவையில் ஈவானும் ஏற்பானும் சரிநிகராய் நிற்கின்றனர். அதன் பி.எச். ஏறக்குறைய 4.76.

இப்பொழுது இரண்டிலும் மூன்றிலொரு கிராமினும் சற்றே மிகுந்த, அஃதாவது 0.365 கிராம் அளவுள்ள, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்ப்போம். தூய நீரின் பி.எச். 7-லிருந்து 2-க்கு விழுகின்றது. ஹைட்ரஜன் அயனி ஒரு லட்சம் மடங்கு பெருகிவிட்டது. இரண்டாங் குடுவையிலோ பி.எச். 4.76-லிருந்து 4.67-க்கே இறங்குகின்றது, அயனியின் பெருக்கம் ஒன்றேகால் மடங்கினும் குறைவு. வந்த அமிலம் ஒன்றே. விளைவு எத்துணை வேறு!

காரணம் வெளிப்படை. புதிதாக வந்த ஹைட்ரஜன் அயனிகளை ஏற்பான் வாங்கிக் கொண்டு அசிட்டிக் அமிலமாக மாறிற்று. அவ்வமிலம் எளிதில் எதனையும் கொடாத இயல்பினது ஆதலின், வாங்கியதை விடாது வைத்துக் கொண்டது. அமிலத்திற்கு மாறாகக் காரம் ஒன்றைச் சேர்த்திருப்பின், ஈவான் முன்வந்து தன்னிடத்துள்ள ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அதன் வேகத்தை அடக்கியிருக்கும். வன்மை மிக்க அமிலத்தினாலே இத்தொழில் ஆகாது. அதனிடத்திற் கொடுப்பதற்கு எஞ்சியது ஒன்றுமில்லை. அதன் இணைக்காரமோ ஏற்கும் விருப்பமே இல்லாதது. மென்மையான அமிலமும் அதன் இணைக்காரமும் ஒருங்கிருந்தாலன்றித் தாங்கல் இல்லை.

இதனை 1900-ஆம் ஆண்டில் முளைகட்டிய தானியச் சாற்றிற் கண்ட பெர்ன்பாக்கு, ஹுபெர்ட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரும், இரயில் வண்டிகளின் முனையில் மோதலைத் தணிக்கும் வில்லமைப்புக்கு வழங்கும் பெயரையே இதற்கும் உவமையாகக் கூறினர். ஆங்கிலத்தார் 'பஃபர்' என்பதும் அதுவே. நம் தமிழ்ப் பாடநூலார் இட்ட 'தாங்கல்' என்னும் பெயர் இதனினும் நுட்பம் உடையது என்பது என் கருத்து. வில் அதிர்ச்சியைத் தணிக்கும், அவ்வளவே. தாங்கியோ சுமையை ஏற்று வைத்துக் கொள்ளும். வேண்டும்போது திருப்பியும் தரும்.

ஆயினும், எத்தாங்கிக்கும் எல்லை உண்டு. மேற்கூறிய குடுவையில் ஏற்பான் முழுவதும் செலவாகும் அளவு அமிலத்தை ஊற்றிவிடின், அதன்பின் வரும் ஒவ்வொரு துளிக்கும் பி.எச். செங்குத்தாக விழும். தாங்கல் கரைசல் வற்றாத ஊற்றன்று, நிறைந்த கிடங்கு. கிடங்கு ஒழிந்தால் அதுவும் வெறும் நீரே.

4. குருதியின் கணக்கு

நலமாயிருக்கும் மனிதனது தமனிக் குருதியின் பி.எச். 7.35 முதல் 7.45 வரையில் நிற்கும், நடுவெண் 7.4. அஃதாவது, இரண்டரைக் கோடி லிட்டர் குருதியில் 1 கிராம் ஹைட்ரஜன் அயனி. இது 6.8-க்குக் கீழே இறங்கினாலும் 7.8-க்கு மேலே ஏறினாலும் உயிர் நிற்றல் அரிது. ஆனால், உடல் இடையறாது அமிலத்தை உண்டாக்கிக் கொண்டே இருக்கின்றது. நாம் உண்ட உணவு எரிந்து ஒரு நாளில் அரைக் கிலோகிராமுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவாக வெளிப்படுகின்றது. இவ்வாயுவின் தமிழ்ப் பெயரை இங்கே ஊன்றி நோக்குக. கரி, அமிலம், வாயு என்னும் மூன்று சொற்கள் அதனுள் அடங்கியுள. கரியிலிருந்து பிறந்தது; வடிவால் வாயு; நீரிற் கரைந்தால் அமிலம். பெயரிட்டோர் இவ்வாயுவின் வரலாற்றையே பெயராக வைத்துள்ளனர்.

குருதியின் பெருந்தாங்கல் இவ்வமிலத்தினால் அமைந்ததே. கரைந்த கரியமில வாயு ஈவான். பைகார்பனேட்டு அயனி ஏற்பான். புரதங்களும், செவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபினும் இவற்றிற்குத் துணை நிற்பன. 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹெண்டர்சன் இவ்விரண்டின் தொடர்பைச் சமன்பாடாக எழுதினார். முதல் உலகப்போர்க் காலத்தில் கோபன்ஹேகன் அறிஞர் ஹாசல்பால்க்கு என்பார் அதனைச் சோரன்சென் அளவுகோலுக்கு ஏற்ப மாற்றினார். சொல்லால் உரைப்பின் அது வருமாறு: பைகார்பனேட்டின் அளவைக் கரைந்த கரியமில வாயுவின் அளவால் வகுத்து, வந்த ஈவின் மடக்கையை 6.1-உடன் கூட்டுக, கிடைப்பது குருதியின் பி.எச்.

நலமுடைய குருதியில் லிட்டருக்குப் பைகார்பனேட்டு 24 மில்லிமோல். கரைந்த வாயு 1.2 மில்லிமோல். ஈவு 20, அதன் மடக்கை 1.3, கூட்டினால் 7.4. இக்கணக்கில் உயிர்நாடியாக உள்ளது இரண்டு எண்களுள் எதுவும் அன்று. இரண்டற்கும் உள்ள விகிதமே. இருபதுக்கு ஒன்று என்னும் விகிதம் நிற்கும்வரை பி.எச். நிற்கும்.

இனிக் குருதியில் லிட்டருக்கு 10 மில்லிமோல் வன்மை மிக்க அமிலம் வந்து கலப்பதாகக் கொள்வோம். துணைத்தாங்கல்களைக் கணக்கில் விட்டுவிடுவோம். பைகார்பனேட்டு 24-லிருந்து 14-ஆகக் குறையும். அது வாங்கிய அமிலம் அத்தனையும் கரியமில வாயுவாகி 1.2 என்பது 11.2-ஆக ஏறும். மூடிய குடுவையாயின் கதை இங்கே முடிந்தது: ஈவு 1.25, பி.எச். ஏறக்குறைய 6.2, உயிர் நில்லாது. ஆனால் உடல் மூடிய குடுவையன்று. நுரையீரல் என்னும் வாயில் அதற்கு உண்டு. மிகுந்த வாயுவை நுரையீரல் வெளியேற்றி மீண்டும் 1.2-க்குக் கொண்டுவந்தால், ஈவு 11.7, பி.எச். 7.17. மூச்சு இன்னும் விரைந்து, வாயுவை 0.7-ஆகக் குறைத்துவிட்டால், ஈவு மறுபடியும் 20, பி.எச். 7.4.

எனவே, குருதியின் தாங்கும் ஆற்றல் குருதியில் மட்டும் இல்லை. அது சுமையை வாங்கி வைக்கின்றது. நுரையீரல் நொடிதோறும் அச்சுமையை எடுத்து அப்புறப்படுத்துகின்றது. சிறுநீரகங்கள் மெல்ல மெல்லப் பைகார்பனேட்டுக் கிடங்கை நிரப்பிக் கொடுக்கின்றன. வாயில் அடைபட்டால் கிடங்கு எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை.

5. கோபன்ஹேகன், 1952

1952-ஆம் ஆண்டுக் கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடிய கொள்ளைநோயாகப் பரவிற்று. நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். பலருக்குக் கைகால்கள் மட்டுமன்றி, மூச்சுவிடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலற்றுப் போயின. அவர்களுக்கு உதவ மருத்துவமனையில் இருந்தவை, உடல் முழுவதையும் உள்ளடக்கும் உருளைக் கருவி ஒன்றும், மார்புக் கவசம் போன்ற கருவிகள் ஆறுமே. முதற் சில வாரங்களில் இக்கருவிகளால் உதவி பெற்ற 31 பேருள் 27 பேர் மாண்டனர்.

மாண்டவர்களின் குருதியைச் சோதித்தபோது பைகார்பனேட்டு மிகுந்திருக்கக் கண்டனர். பைகார்பனேட்டு காரத்தன்மையது, ஆகவே குருதியிற் காரம் மிகுந்துவிட்டது, அதற்குக் காரணம் புலப்படவில்லை என்று மருத்துவர் கருதினர். விகிதத்தின் ஓர் உறுப்பைக் கண்டு மற்றோர் உறுப்பைக் காணாது விட்டதன் விளைவு இது. மேலே உள்ள எண் பெருகியதைக் கண்டனர். கீழே உள்ள எண் அதனினும் மிகுதியாகப் பெருகியிருக்கலாம் என்பதனை நினைத்திலர்.

தலைமை மருத்துவராகிய லாசென் அந்நெருக்கடியிற் பிறர் கருத்தையும் கேட்க முன்வந்தார். அறுவை மருத்துவத்தின்போது நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் தொழிலிற் பயின்ற பியோர்ன் இப்சென் என்பார் அழைக்கப்பட்டார். அவர் கூறியது: இது காரத்தின் மிகுதியன்று. மார்பு அசையாமையால் கரியமில வாயு வெளியேறாது குருதியில் அடைபட்டு நிற்கின்றது. பைகார்பனேட்டின் பெருக்கம் அதன் நிழலே. குருதி புளித்துவிட்டது. மருந்து வேண்டா, மூச்சு வேண்டும்.

1952 ஆகஸ்டு 27-ஆம் நாள், உயிர் பிரியுந் தறுவாயிற் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவர்பால் ஒப்புவித்தனர். தொண்டையின் கீழே மூச்சுக்குழலில் திறந்த துளை வழியே குழாய் ஒன்றைச் செலுத்தி, அதனோடு இணைத்த இரப்பர்ப் பையைக் கையினால் அமுக்கி வாயுவை உட்செலுத்த அவர் முயன்றார். முதலில் நெஞ்சு இறுகிப்போய் வாயு உட்செல்லவில்லை. மருந்தினால் அவளுடைய போராட்டத்தை அடக்கிய பின்னரே நுரையீரல் விரிந்தது. அதன்பின் குருதியிற் கரியமில வாயு இறங்கிற்று. வியர்வையும் நீலம் பாய்ந்த நிறமும் நீங்கின. ஆய்வுக்கூடத் தலைவராகிய பவுல் ஆஸ்ட்ரப் குருதியின் பி.எச்.சை அளந்து, இப்சென் கூறியதே மெய் என்று காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

உண்மை விளங்கிற்று, ஆனால் கருவிகள் எங்கே? ஒவ்வொரு நோயாளிக்கும் இரவு பகல் ஒருவர் அருகிலிருந்து, நிமிடத்திற்குப் பலமுறை பையை அமுக்கிக் கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு கணம் ஓயினும் குருதி புளிக்கத் தொடங்கும். மருத்துவமும் பல்மருத்துவமும் பயின்ற மாணவர் ஏறக்குறைய 1,500 பேர் முறைவைத்து வந்து அமர்ந்தனர். ஒரே வேளையில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு கையினாற் காக்கப்பட்டனர். தாமே மூச்சுவிட இயலாத குழந்தைகளுக்கு ஒரு கையாற் பையை அமுக்கிக்கொண்டே கதைகளைப் படித்துக் காட்டிய மாணவரும் உண்டு. நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த சாவின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, பின்னரும் இறங்கிற்று. 1953 டிசம்பரில் அந்நகரத்து மற்றொரு மருத்துவமனையில், கடுநோயாளிகளை இடையறாது காக்கும் தனிப்பகுதி ஒன்றை இப்சென் அமைத்தார். இக்காலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி என்பர். அப்பிரிவுகளில் இன்றும் நோயாளியின் குருதியை எடுத்துப் பி.எச்., கரியமில வாயு, பைகார்பனேட்டு என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்குகின்றனர். ஓர் எண்ணை மட்டும் நம்பியதால் வந்த இழப்பை அவர்கள் மறக்கவில்லை.

6. முடிவுரை

இவ்வரலாற்றில் என் உள்ளத்தைக் கவர்ந்தவை இரண்டு. முதலாவது, அறிவு பற்றியது. வேண்டிய உண்மைகள் யாவும் அந்நகரத்திலேயே இருந்தன. அளவுகோல் தந்த சோரன்சென் அவ்வூரார். சமன்பாட்டைச் சீர்ப்படுத்திய ஹாசல்பால்க்கும் அவ்வூரார். ஈவானும் ஏற்பானும் என்று கொள்கை வகுத்த பிரன்ஸ்டெட்டும் அவ்வூராரே. எனினும், பீர் வடிப்பாலையின் ஆய்வுக்கூடத்திற்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே உள்ள சில மைல் தூரத்தைக் கடக்க அவ்வறிவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்சென்றன. நூலறிவு ஒரு துறைக்குள்ளே அடைபட்டுக் கிடத்தல் எத்துணைக் கேடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தமிழ் பயில்வோர் இரசாயனத்தையும், இரசாயனம் பயில்வோர் தமிழையும் எட்டிப் பார்த்தல் வீண்பொழுது போக்கன்று என்று துணிந்து கூறுவேன்.

இரண்டாவது, தாங்குதல் பற்றியது. தாங்கும் ஆற்றல் வன்மை மிக்க அமிலத்திற்கு இல்லை. மென்மையான அமிலத்திற்கும் அதன் இணைக்குமே உண்டு. அவற்றிற்கும் எல்லை உண்டு. எடுத்துச் செல்வோர் இல்லாவிடின் சுமைதாங்கியும் நிறைந்துவிடும். நமக்குள்ளே பொறுமையுடையார் ஒருவரைக் கண்டால், எவ்வளவும் தாங்குவார் என்று எண்ணி அவர்மேலேயே பாரத்தை ஏற்றிக்கொண்டு போகின்றோம். வீட்டில் தாய், விடுதியில் தோழன், வகுப்பில் ஆசிரியர். வெளிக்கு அவர் நிலை மாறாமையால் உள்ளே கிடங்கு ஒழிந்து வருதல் நமக்குத் தெரிவதில்லை. குடுவையின் பி.எச். கடைசித் துளி வரையில் அமைதியாகவே நின்று, பின்னர் ஒருமிக்க விழுவதைப் பார்த்தவர்க்கு இது விளங்கும்.

பிறர் பாரத்திற் பங்குகொள்ளுமாறு பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதியதை நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். கோபன்ஹேகன் மாணவர் அதனைச் செய்தே காட்டினர். அவர் கையில் இருந்தது இரப்பர்ப் பை ஒன்றே. அதனை அமுக்கிய ஒவ்வொரு முறையும், அயலான் ஒருவனது குருதியினின்றும் சுமையில் ஒரு சிறு பங்கு வெளியேறிற்று. நாமும் நம் அருகில் இருப்பார்க்கு அத்துணையேனும் உதவுவோமாக.